மலையில் வந்த புதுத்தண்ணீர்

தம்பி,

உன்னை வழியனுப்பி நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இத்தனை கனமான உறை வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கால் பரீட்சை விடுமுறை. திருக்கோகர்ணத்து வீட்டில் நீ இல்லாத பகல் நீளமாக இருக்கிறது. இப்படி எழுத உட்கார்ந்ததற்கு நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டியதை முகத்துக்கு நேராகப் பேசாமல் பிறகு காகிதத்தில் எழுதுவது நல்ல பழக்கமில்லை என்று எனக்கே தெரியும். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்த பிள்ளைக்குத் தாய் தபாலில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பேச வாய் வராதவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் குனிந்து நீ கேட்டாய்: "அந்தாளு பேரு சடையன்தானம்மா? சித்தப்பா சொன்னாரு." நான் தலையை ஆட்டினேன். "உசுரோட இருந்தான்னா நான் பாத்துக்கிறேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றாய். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நீ வனக்காவலர் வேலைக்கு மனுப்போட்டதும், வேறு இடம் கொடுக்கிறேன் என்றவர்களிடம் அந்த மலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் எதற்காக என்று எனக்கு அதற்கு முன்பே சந்தேகம் இருந்தது. பஸ் புறப்பட்டபோது சந்தேகம் போய்விட்டது. உன் அப்பாவின் சாவுக்குக் காரணமானவர் என்று நீ நினைக்கிற மனிதரைத் தேடிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு போகிறாய். நான் தலையாட்டி அனுப்பி வைத்திருக்கிறேன். அதே மாதிரி ஒரு தலையாட்டலை நான் பதினாலு வருஷத்துக்கு முன்னாலும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சமஸ்தானம் போய் நம் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் நான் பி.ஏ. முடித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் நான் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன், யார் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறார்கள், எந்த மேடம் எப்போது கண்ணாடியைத் துடைப்பார்கள் என்பதுவரை தெரியும். வாய் மட்டும் திறக்காது. ஊருக்கு வந்தால், "இம்புட்டுப் படிச்சும் எம்புட்டு அடக்கமா இருக்கு பாரு" என்று மெச்சினார்கள். மெச்ச மெச்ச அது என் குணமாகவே இறுகிப்போனது. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதும் அந்தப் பெயரால்தான். ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே அவர்களுக்கு நிலம் இருந்தது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் வெறும் கட்டாந்தரை. தொடர்ந்து மூன்று வருஷம் நிறையவில்லை. புதுக்கோட்டையில் ஒரு முதலாளிக்குப் பழனி மலைத்தொடரில் காப்பித் தோட்டம் இருந்தது. மேற்பார்வைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டார். உனக்கு அப்போது ஆறு வயது. ஆடி மாசம் மூன்று பேரும் மலை ஏறினோம்.

அந்தப் பத்து மாசத்தில் உனக்கு எது நினைவிருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டி வருமே. வத்தலக்குண்டுக்கு மேலே பஸ் போகிற மட்டும் போய், பிறகு நடை. சாமான்கள் எல்லாம் குதிரை முதுகில் வந்தன. தகரம் போட்ட வீடு. சுற்றிலும் காப்பிச் செடி, நடுநடுவே ஆரஞ்சு, மலைவாழை, பலா. கேட்க அழகாக இருக்கும், இருந்து பார்த்தால் தெரியும். உலர்ந்த துணி என்று ஒன்றை நான் அங்கே உடுத்தியதாக நினைவில்லை. ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீர் விட்டிருக்கும். என் கல்லூரிப் புத்தகங்களில் பச்சைப் பூஞ்சை படர்ந்தது. மூடுபனி வாசலுக்கு வந்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற பலாமரம் தெரியாது. வெயிலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அந்த வெளிச்சக் குறைவு நெஞ்சில் ஈரத்துணி போட்டது போல இருந்தது. பேச்சுத் துணைக்கு இருந்தவள் வெள்ளையம்மா ஒருத்திதான், சடையனின் மனைவி. தோட்டத்துக்கு மேற்கே சரிவில் அவர்களுடைய ஏழெட்டுக் குடிசைகள் இருந்தன. தோட்டம் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே இருந்தவர்கள். தேன் எடுப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள், காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் கூலிக்கு வருவார்கள். முதலாளிக்கு அந்தச் சரிவிலும் காப்பி வைக்க ஆசை. குடிசைகளைக் கிளப்பிவிடச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார். உன் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இதை மனதில் வைத்துக்கொள்.

மலையில் உன் அப்பாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் அருவி. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சடையனை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நடப்போம். உன்னை வெள்ளையம்மாவிடம் விட்டுவிட்டுப் போவோம். முதல் தடவை, ஓடையைக் கடக்கச் சேலையைத் தூக்கிச் செருக வெட்கப்பட்டு நான் கரையில் நின்றுவிட்டேன். வழியனுப்ப அதுவரை வந்திருந்த வெள்ளையம்மா, "இங்கன யாரு தாயி ஒங்காலப் பாக்கப் போறா? அட்டதான் பாக்கும்" என்று சொல்லித் தானே குனிந்து கொசுவத்தை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிவிட்டாள். அவள் சொன்ன மாதிரியே அட்டை பார்த்தது. திரும்பி வரும்போது இரண்டு காலிலும் பதினொன்று. சடையன் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கொடுத்தார். அவர் நடக்கிற விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பாதத்தின் முன்பக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குதிகாலை ஊன்றுவார். நான் கால் வைக்க வேண்டிய கல்லைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டிவிட்டு, முகம் பார்க்காமல் முன்னால் போய்விடுவார். என் கூச்சம் அவருக்குப் புரிந்திருந்தது.

கிட்டத்து அருவி ஒரு மணி நேர நடை. அடுத்தது அரை நாள். மூன்றாவது, மேற்கே இரண்டு முகடுகளுக்கு நடுவே விழுவது. விடிய எழுந்து போனால்தான் பொழுது சாயத் திரும்பலாம். உன் அப்பா அருவிக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "இந்தத் தண்ணிய மட்டும் நம்ம கம்மாய்க்குத் திருப்பிவிட முடிஞ்சா எம்புட்டு நல்லாருக்கும்! வீணாப் போகுது பாரு, கேக்க நாதியில்லாம" என்பார். சடையன் சிரிப்பார். "எங்கிட்டு சாமி வீணாப் போகுது? அது போற எடத்துல ஆளு இல்லையா?" என்பார். இப்படி ஒரு நாள் பேச்சு வளர்ந்து, உன் அப்பா நம் பக்கத்து வழக்கத்தை அவருக்குச் சொன்னார். நீ டவுனில் வளர்ந்தவன், உனக்கும் தெரியாது. மழை பெய்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு முதல் தண்ணீர் வரும்போது செம்மண் கரைந்து சிவப்பாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வரும். "புதுத்தண்ணி வருது" என்று யாராவது ஒருவர் கத்தினால் போதும், ஊரே வாய்க்காலுக்கு ஓடும். எதிரே இறங்கி நிற்பார்கள். ஒரு கை அள்ளித் தலையில் விட்டுக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் அதன் முனைக்கு முன்னால் கண்மாய்வரை ஓடி வருவார்கள். என் வீட்டில் எங்களை வாய் திறந்து கத்தவிட்ட நாள் வருஷத்தில் அது ஒன்றுதான்.

சடையன் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "ஒங்கூருல அது சாமியா இருக்கலாம். இங்கன தண்ணி நெறம் மாறுச்சுன்னா நின்னு பாக்கப்படாது. இங்க வெயிலடிக்கும், மேல பேஞ்சிருக்கும். சருகு வந்தா சட்டுனு மேட்டுல ஏறிரணும். தாயி, நீங்களும் கேட்டுக்கங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் என் முகம் பார்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகும், ஒவ்வொரு தடவை அருவிக்குக் கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "ஆமாய்யா, ஒனக்கு வேற வேலையில்ல" என்று உன் அப்பா கேலி செய்வார். சடையன் சொன்னாரா இல்லையா என்பதுதான் பின்னால் கேள்வியாக வந்தது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வைகாசி மாசம். தோட்டத்தை விட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரம். கடைசியாக ஒரு முறை என்று மூன்றாவது அருவிக்குப் போனோம். கோடையில் தண்ணீர் ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. ஓடை நடுவில் பாறைகள் வெளியே தெரிந்தன. சாப்பிட்டு முடித்ததும், "மேக்க கருக்குது, கெளம்புவோம் சாமி" என்றார் சடையன். "செத்த இருப்பம்யா, இனிமே எப்ப வரப்போறோம்" என்று உன் அப்பா ஓடை நடுவில் இருந்த பாறைக்குத் தாவிப் போனார். சடையன் வானத்தைப் பார்க்க மேலே கரையில் ஏறினார். நான் ஓரத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். முதலில் பார்த்தவள் நான். தூக்குச்சட்டியில் மொண்ட தண்ணீர் தெளிவாக இல்லை, டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. அடுத்து ஒரு சருகுக் கூட்டம் வந்தது. பிறகு பாறை இடுக்கில் சிவப்பு ஏறிற்று. மூன்று வருஷம் காய்ந்த கண்மாயைப் பார்த்துவிட்டு வந்தவள் நான், தம்பி. சடையன் சொன்னது என் காதில் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று எழுந்துவிட்டது. வாழ்நாளில் கத்தியே அறியாதவள் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "ஏங்க, புதுத்தண்ணி! புதுத்தண்ணி வருதுங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. கரைக்கு வர இரண்டு எட்டுத்தான் இருந்தது. அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பாறையிலிருந்து இறங்கி, தண்ணீர் வருகிற திசையில், எதிரே போனார். குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். மேலேயிருந்து சடையன் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார் என்று அருவிச் சத்தத்தில் புரியவில்லை. எங்கள் ஊரில் புதுத்தண்ணீர் வந்தால் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள், அவரும் கத்துகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சடையன் ஓடி வந்து என் கையைப் பிடித்து மேலே இழுத்தபோதுதான், "ஏறுங்க ஏறுங்க" என்பது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். ஓடை இல்லை. ஒரு சிவப்புச் சுவர் போய்க்கொண்டிருந்தது. நடுப்பாறையும் இல்லை.

உன் அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தார். தேடியவர்கள் சடையனும் அவருடைய ஆட்களும்தான். தோட்டத்து வேலையாட்கள் ஓடைப் பள்ளத்தில் இறங்கப் பயந்தார்கள். துணியில் சுற்றி, மூங்கிலில் கட்டி, அடிவாரம்வரை தோளில் சுமந்து வந்ததும் சடையன்தான். வழியில் ஒரு இடத்தில்கூடக் கீழே வைக்கவில்லை. அடிவாரத்தில் முதலாளி, உன் சித்தப்பா, போலீஸ்காரர் ஒருவர் எல்லாரும் காத்திருந்தார்கள். முதலாளியின் காப்பிக் குடோன் வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதலாளியின் கணக்கப்பிள்ளை ஏற்கெனவே எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். "படிச்ச பொண்ணு, நீயே வாசிச்சுப் பாத்துக்கம்மா" என்றார் முதலாளி. வாசித்தேன். மழை வரும் என்று தெரிந்திருந்தும், அபாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், சடையன் என்பவன் வற்புறுத்திக் கூட்டிப்போனான் என்று அதில் இருந்தது. சடையன் பத்தடி தள்ளி, தோளில் மூங்கில் அழுத்திய காயத்தோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "இந்த ஆளுதான கூட்டிட்டுப் போனது?" என்று போலீஸ்காரர் கேட்டார். அது உண்மைதானே. தலையை ஆட்டினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று போடச் சொன்னார்கள், அப்போதுதான் எடுபடுமாம். அதையும் போட்டேன்.

துக்கத்தில் புத்தி மழுங்கிப் போட்டுவிட்டேன் என்று நீ எனக்காகச் சாக்குத் தேடுவாய். தேடாதே. எழுத்துக்கு எழுத்துப் புரிந்துதான் போட்டேன். பொய் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, "பின்னே என்ன நடந்தது?" என்பதாக இருக்கும். நான் கத்தியதைச் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்களுக்கு நடுவில், உன் சித்தப்பாவுக்கு முன்னால், என் வாயால்தான் போனார் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தேன். சடையனை அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் திரும்பிப் போனபோது குடிசைகள் பிரிக்கப்பட்டு, சரிவு முழுவதும் காப்பி நாற்றுக்குக் குழி வெட்டியிருந்ததாம். வெள்ளையம்மா எங்கே போனாள் என்று சொல்ல ஆளில்லை. உன் அப்பா பத்து மாசமாகத் தள்ளிப்போட்டு வந்ததை நான் ஒரு கையெழுத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததும், நாம் இங்கே குடிவந்ததும் உனக்குத் தெரியும். இன்றைக்கும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் சொல்கிறேன். நீ வளர வளர உன் சித்தப்பா உனக்கு அந்தக் கதையைச் சொன்னார். அவர் மீது குற்றமில்லை, அவர் காகிதத்தை நம்பினார். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்குப் பத்து வயதில் நம் தெருவுக்கு மலைத்தேன் விற்கிறவர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? "மலைக்காரப் பயலே" என்று நீ கல்லெடுத்து எறிந்தாய். நெற்றி பிளந்து ரத்தம் வடிந்தது. அந்த மனிதர், "ஏன் ராசா, நான் என்ன பண்ணேன்?" என்று உன்னைத்தான் கேட்டார். உன்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவருக்கு ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை. உன்னை அடிக்கவும் இல்லை. அந்தக் கல்லை உன் கையில் கொடுத்தவள் நான் என்று தெரிந்ததால், அடிக்க எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு ராத்திரியே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திப்போட்டேன். பிறகு பதினைந்து வயது, பிறகு பரீட்சை. பஸ் ஸ்டாண்டுவரை ஒத்திப்போட்டாயிற்று.

இனி நீ அங்கே காகிதம் எழுதுகிற ஆளாக இருப்பாய். விறகு எடுத்தான், தேன் எடுத்தான், எல்லை தாண்டினான் என்று நாலு வரி எழுதி நீட்டுவாய். எதிரே நிற்கிறவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதியதை அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டு. அவர் இல்லை என்று சொன்னால், அதையும் எழுது. மேலதிகாரி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இவ்வளவுதான். மற்றவற்றைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இதைப் படித்துவிட்டு என்னோடு பேசப் பிடிக்காமல் போனால், அதை நான் தப்பு என்று நினைக்க மாட்டேன். என்னால் உன் அப்பாவை நீ இன்னொரு தடவை இழக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியது, கை இத்தனை பக்கம் சுற்றி வந்துவிட்டது. சடையனைத் தேடு. காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேடு. அவர் இல்லை என்றால் வெள்ளையம்மாவை, அவளும் இல்லை என்றால் அவர்கள் வயிற்றில் பிறந்த யாரையாவது. இருக்கிற இடம் தெரிந்ததும் ஒரு கார்டு போடு. எனக்காக நீ போய் மன்னிப்புக் கேட்டுவிடாதே, யார் பிள்ளை என்றும் சொல்லாதே. நான் வருகிறேன். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், அவர்கள் ஆட்கள் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் நிறுத்து. அந்தக் காகிதத்தில் இருந்தது பொய், அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று அங்கே நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாதியில் என் குரல் நின்றுபோகும், எனக்குத் தெரியும். அப்போது அம்மாவுக்குக் கூச்சம் என்று சொல்லி நீ பேசி முடித்துவிடாதே, தம்பி. எவ்வளவு நேரம் ஆனாலும், நான் முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் சும்மா நில்.

அம்மா